கிடங்கில் ரோபாட், குழியில் மனிதர்

(கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'கிடங்குகளில் ரோபாட்களும் கோபாட்களும்' அப்படீன்னு எனக்குத் தலைப்பு கொடுத்திருக்காங்க. சேரிக்குக் குடிதண்ணி வராத ஊர்ல ரோபாட்டைப் பத்தி என்ன பேச்சுன்னு சில தோழர்கள் நினைக்கலாம். நியாயந்தான். ஆனா இங்க உக்காந்திருக்கிற மாணவர்கள் படிப்பு முடிஞ்சதும் எங்க போகப் போறீங்க? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் பக்கம் ஏக்கர் கணக்குல தகரக் கொட்டகை போட்டு நிக்குதே குடோன்கள், அங்கதான் முதல்ல கூப்பிடறாங்க. காண்ட்ராக்ட் வேலை. சரக்கை இறக்கணும், அடுக்கணும், பொறுக்கி எடுக்கணும், பெட்டி கட்டணும், வேன்ல ஏத்தணும். பட்டம் வாங்கின நம்ம பிள்ளைகளுக்கும் அதுதான் வேலை. அந்த இடத்துக்குள்ள என்ன வந்துக்கிட்டிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லது.

முதல்ல பெயர். ரோபாட்ங்கிற சொல்லு 1920 இல் பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில் வருது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப். செக் மொழியில 'ரொபோட்டா'ன்னா என்ன தெரியுமா? பண்ணைக்குக் கட்டுப்பட்டவன் பிரபுவோட நிலத்துல கூலியில்லாம செஞ்சு தீரவேண்டிய வேலை. நம்ம பாசையில அதுக்குப் பேரு வெட்டி. இதுக்கு அகராதி புரட்ட வேண்டியதில்லை, நம்ம பாட்டன்மார் முதுகுல எழுதியிருக்கு. மராட்டியத்தில் வதன் என்ற பெயரில் மகர்கள் மீது சுமத்தப்பட்டிருந்ததும் இதேதான். அதை மாற்றத்தான் 1928 இல் பம்பாய்ச் சட்டசபையில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். பொஹீமியாவில் ரொபோட்டா 1848 இல் சட்டப்படி ஒழிந்தது. வேலை ஒழிஞ்சும் சொல்லு சாகாம இயந்திரத்து மேல ஏறி உக்காந்துக்கிச்சு. இன்னொன்னு. அந்த நாடகத்தில் வரும் ரோபாட்கள் இரும்பாலானவை அல்ல, சதை மாதிரி ஒரு பொருளால் செய்யப்பட்டவை. கடைசியில் கலகம் செய்றவங்களும் அவங்கதான். இதை ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

இப்ப கிடங்குக்குள்ள போவோம். உலகத்துலயே பெரிய உதாரணம் அமேசான். 2012 இல் கிவா சிஸ்டம்ஸ் என்ற ரோபாட் கம்பெனியை 77.5 கோடி டாலருக்கு வாங்கினாங்க. அதுக்கு முன்னாடி கிடங்குத் தொழிலாளியோட வேலை நடக்கிறது. கையில ஸ்கேனர், முன்னால தள்ளுவண்டி, ஷெல்ஃப் ஷெல்ஃபா நடந்து பொருளை எடுக்கணும். ஒரு ஷிப்டுக்குப் பதினைஞ்சு கிலோமீட்டருக்கும் மேல நடந்தவங்க உண்டு. கிவா என்ன செஞ்சுது? முழங்கால் உயரம்கூட இல்லாத தட்டையான ஒரு வண்டி. தரையில கட்டம் கட்டமா ஒட்டியிருக்கிற குறியீடுகளைத் தன் அடிவயித்துக் கேமராவால படிச்சுக்கிட்டே ஓடும். அலமாரிக்கு அடியில நுழைஞ்சு அலமாரியை அப்படியே தூக்கிக்கிட்டு ஆள் நிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அந்த அலமாரியில எல்லாம் கலந்து கிடக்கும். பல்துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்துல புத்தகம், அதுக்குப் பக்கத்துல செருப்பு. எது எங்க இருக்குன்னு கணினிக்குத்தான் தெரியும். திரை காட்டும், ஆளு எடுக்கணும், ஸ்கேன் பண்ணணும், பெட்டியில போடணும். அதுக்குள்ள அடுத்த அலமாரி வந்து வரிசையில நிக்கும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு, நடக்கிற வேலை மிச்சம். ஆனா மிச்சமான நேரம் யார்கிட்ட போச்சு? ஆள் நடந்து எடுத்த காலத்துல மணிக்குச் சுமார் 100 பொருள் எடுக்கணும்னு இருந்த கணக்கு, ரோபாட் வந்த கிடங்குகள்ல 400 வரைக்கும் ஏறிச்சுன்னு அமெரிக்காவின் 'ரிவீல்' புலனாய்வு இதழாளர்கள் 2020 இல் எழுதினாங்க. 400ன்னா ஒன்பது விநாடிக்கு ஒண்ணு. முன்னாடி நடக்கும்போது கால் வலிச்சாலும் அந்த நடைக்குள்ள ஒரு மூச்சு இருந்தது. தோள் கொஞ்சம் ஓயும், பக்கத்து ஆளோட ரெண்டு வார்த்தை பேசலாம். இப்போ ஒரே இடத்துல நின்னுக்கிட்டு, கீழ் அடுக்குக்குக் குனி, மேல் அடுக்குக்கு ஏணியில ஏறு, திரும்பு, போடு. அதே தோள், அதே இடுப்பு, அதே மணிக்கட்டு. 'ரிவீல்' கையில் கிடைத்த அந்த நிறுவனத்தின் உள்பதிவுகளின்படி, 2016 முதல் 2019 வரை ரோபாட் உள்ள கிடங்குகளில் கடுமையான காயங்களின் விகிதம், ரோபாட் இல்லாத கிடங்குகளைவிட ஐம்பது சதவீதம் அதிகம். 2019 இல் மட்டும் சுமார் 14,000 கடுமையான காயங்கள். காயங்களை நாங்கள் ஒழுங்காகப் பதிவு செய்வதால்தான் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிகிறதுன்னு நிறுவனம் மறுத்தது. அவங்க பதிலையும் சொல்லிடணும்.

ரோபாட் யாரையும் அடிச்சுக் காயப்படுத்தலைங்கிறதைக் கவனிக்கணும். காயம் வந்தது வேகத்துல. வேகத்தை ரோபாட் வைக்கல, அதை வாங்கினவன் வச்சான்.

அதைக் கண்காணிக்கிறதுக்கு இன்னொரு இயந்திரம். கையில இருக்கிற ஸ்கேனர் ரெண்டு ஸ்கேனுக்கு நடுவுல எத்தனை நேரம் போச்சுன்னு எண்ணிக்கிட்டே இருக்கும். அதுக்குப் பேரு 'வேலையில் இல்லாத நேரம்'. ஒண்ணுக்குப் போனாலும் அந்தக் கணக்குல ஏறும். பால்டிமோர் நகரக் கிடங்கில் ஓராண்டில் சுமார் முந்நூறு பேரை உற்பத்தித்திறன் போதாதென்று வேலையைவிட்டு அனுப்பிய ஆவணம் 2019 இல் வெளியானது. எச்சரிக்கைக் கடிதத்தையும் நீக்கக் கடிதத்தையும் மேற்பார்வையாளர் தலையீடு இல்லாமலே கணினி தயாரிக்க முடியும்னு அதே ஆவணத்துல இருந்தது. மேஸ்திரி திட்டினா எதுத்துப் பேசலாம், ஊர்ல போய்ச் சொல்லலாம். திரையில வர்ற எண்ணுகிட்ட என்ன பேசுவீங்க?

ஒரு விசயம் இடையில சொல்லணும். ரோபாட் ஓடுற பகுதியை வேலி போட்டுத் தனியா வச்சிருப்பாங்க, ஆள் உள்ள போகக்கூடாது. எதையாவது எடுக்கப் போறதா இருந்தா இடுப்புல ஒரு மின்னணுப் பட்டை கட்டிக்கிட்டுப் போகணும். அது கொடுக்கிற சைகையைப் பாத்து ரோபாட் வேகத்தைக் குறைச்சுக்கும், விலகிப் போகும். இதைக் கேட்டதும் பேஷ்வா ஆட்சியில் பூனாவில் நம்மவர் கழுத்துல கலயமும் இடுப்புல துடைப்பமும் கட்டிக்கிட்டு நடந்தது உங்களுக்கு ஞாபகம் வரும். அந்த உவமையை நான் சொல்ல மாட்டேன். கலயம் மேல்சாதிக்காரன் தீட்டுப்படாம இருக்கிறதுக்கு, பட்டை தொழிலாளி அடிபடாம இருக்கிறதுக்கு. நல்ல ஏற்பாடுதான் அது. எல்லாத்தையும் நம்ம அனுபவத்தோட ஒட்டவச்சுப் பேசினா நம்ம அனுபவந்தான் மலிஞ்சு போகும். நான் கேக்கிறது வேற. வேலிக்குள்ள ஒரு உடம்பு நுழைஞ்சா இயந்திரம் வேகத்தைக் குறைக்குது. வேலிக்கு வெளியில மேசைக்கு முன்னால பத்து மணிநேரம் நிக்கிற உடம்புக்கு எது வேகத்தைக் குறைக்கும்?

இனி கோபாட். கூட்டாக வேலை செய்கிற ரோபாட். இது 1990களின் நடுவுல அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல கோல்கேட், பெஷ்கின் ரெண்டு பேராசிரியர்கள் உருவாக்கினது. நல்ல யோசனை. பாரத்தைத் தூக்கும்போது இயந்திரம் திசையை மட்டும் நெறிப்படுத்தும், நகர்த்துறது மனுசன். அதுக்குச் சொந்தமா உந்துசக்தியே கிடையாது, அதனால ஆளை நசுக்க முடியாது. அப்புறம் அர்த்தம் மாறிப்போச்சு. 2008 இல் டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் விற்க ஆரம்பிச்ச மோட்டார் கை மாதிரி, வேலி இல்லாம ஆளுக்குப் பக்கத்துலயே நின்னு வேலை செய்ற எதுவும் இன்னைக்குக் கோபாட்தான். கிடங்குல ஆளோட சேந்து உருண்டு போற வண்டியும் அந்தக் கணக்குல சேருது. சில கிடங்குகள்ல அந்த வண்டி அலமாரி முன்னால போய் நின்னுக்கிட்டு ஆளுக்காகக் காத்திருக்கும். சிலதுல வண்டி முன்னால போகும், ஆள் பின்னாலயே போகணும். கூட்டாளின்னு பேரு. ஆனா எங்க போகணும்னு சொல்றது வண்டி.

இந்தக் கோபாட்களுக்குன்னு சர்வதேசத் தர அமைப்பு 2016 இல் ஒரு வழிகாட்டி போட்டது. மனுச உடம்பை 29 இடமாப் பிரிச்சு, நெத்தியில இவ்வளவு, நெஞ்சுல இவ்வளவு, முழங்கையில இவ்வளவுன்னு, இயந்திரம் பட்டா எவ்வளவு அழுத்தம் வரைக்கும் தாங்கலாம்னு அட்டவணை. உண்மையான ஆட்கள்கிட்ட வலி எப்போ தொடங்குதுன்னு சோதிச்சுப் பாத்து எழுதினது. படிச்சப்ப எனக்கு வியப்பா இருந்தது. தொடுவதற்கு இவ்வளவு நுணுக்கமா அளவு வச்சிருக்காங்க. ஆனா அந்த அட்டவணை ஒரு தடவை படுற அடியைத்தான் அளக்குது. அதே தோள் ஒரு நாளைக்கு மூவாயிரம் தடவை திரும்புறதை அது அளக்கல. அடிக்குக் கணக்கு உண்டு, தேய்மானத்துக்குக் கணக்கில்ல.

2025 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் அமேசானின் உள்ஆவணங்களை வெளியிட்டது. அமெரிக்காவில் 2033 க்குள் ஆறு லட்சம் பேரை வேலைக்கு எடுக்காமலேயே சமாளிக்கலாம் என்று அதில் ஒரு கணக்கு. அதோட, 'தானியங்கி', 'செயற்கை நுண்ணறிவு' மாதிரிச் சொற்களைத் தவிர்க்கலாம், 'ரோபாட்' என்பதற்குப் பதிலாக 'கோபாட்' என்று சொல்லலாம் என்று ஒரு யோசனை. ஆவணங்கள் முழுமையானவை அல்ல, எங்கள் மொத்தக் கொள்கையைக் காட்டுபவை அல்லன்னு நிறுவனம் சொன்னது. இருக்கட்டும். இந்தச் சொல் விளையாட்டு நமக்குப் புதுசா? தீண்டாதவரை ஹரிஜன்னு காந்தி கூப்பிட்டாரு. சேரி அங்கயே இருந்தது, கிணறு அங்கயே இருந்தது. துப்புரவுத் தொழிலாளியைத் தூய்மைப் பணியாளர்னு 2020 இல் அரசு மாத்திச்சு. அந்தத் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால தங்களைக் காண்ட்ராக்டர்கிட்ட தள்ளாதேன்னு உக்காந்தப்ப நடுராத்திரியில தூக்கிட்டுப் போனாங்க. அமேசான் கிடங்குல தொழிலாளியைத் தொழிலாளின்னு சொல்றதில்ல, 'கூட்டாளி' என்ற பொருள்ல ஒரு சொல் வச்சிருக்காங்க. இயந்திரமும் கூட்டாளி, ஆளும் கூட்டாளி. முதலாளி மட்டும் எங்கேன்னு தெரியல.

அப்போ ரோபாட்டே வேணாம்னு சொல்லப் போறோமா? இதுல நான் கொஞ்சம் கறாரா பேச விரும்புறேன். அறுபதுகளில் எல்.ஐ.சி.யிலும் எண்பதுகளில் வங்கிகளிலும் கணினியை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் போராடின. வேலை போயிடும்ங்கிற பயம், புரிஞ்சுக்க முடியுது. அதே வேகம் மலக்குழிக்கு இயந்திரம் கேக்கறதுல இருந்ததான்னு அந்தத் தோழர்களைக் கேட்டுப் பாருங்க. கைவேலையோட புனிதம் பத்தி, ராட்டையோட அழகு பத்திப் பேசறவங்களுக்கு அம்பேத்கர் 1945 இலேயே பதில் எழுதிட்டாரு, 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன' நூலில். மனுசனுக்கு ஓய்வு வேணும், ஓய்வு இருந்தாத்தான் பண்பாடு, அந்த ஓய்வை இயந்திரந்தான் தரமுடியும்ங்கிறது அவர் வாதம். இயந்திரத்தால் எல்லோருக்கும் நன்மை வரலைன்னா, அதோட பலனைச் சிலபேர் மட்டும் அள்ளிக்கிட்டுப் போகும்படி இருக்கிற சமூக அமைப்பை மாத்தணும், இயந்திரத்தைத் திட்டக்கூடாதுன்னு சொன்னாரு. இயந்திரம் நம்ம ஆட்களுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் தேவை. சுமக்கிறவன், அள்ளுறவன், தோண்டுறவன் யாரு?

இதே அமேசான் 2025 மே மாசம் வல்கன்னு ஒரு ரோபாட்டைக் காட்டுச்சு. தொட்டு உணர்ற கை. அலமாரியோட மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் அது பாத்துக்கும், ஆள் ஏணி ஏறவேண்டாம், குனியவேண்டாம். ஸ்போகேன்லயும் ஹாம்பர்க்லயும் வேலை செய்யுது. இதை நான் வரவேற்கிறேன். முதுகை ஒடிக்கிற வேலையை இயந்திரம் எடுத்துக்கிட்டா நல்லதுதான். ஆனா குனியறது மிச்சமாச்சேன்னு நடு அடுக்குல இன்னும் நூறு எடுன்னு சொன்னா அது பழைய கிவா கதைதான். இயந்திரம் மிச்சப்படுத்துற மூச்சு தொழிலாளிக்கா முதலாளிக்காங்கிறதுதான் இதுல இருக்கிற வழக்கு.

இயந்திரம் எங்க வருது, எங்க வரலைன்னும் பாருங்க. 2025 நடுவுல அமேசானோட ரோபாட் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. இந்தியாவுலயும் வருது. பெங்களூருல ப்ளிப்கார்ட் 2019 இல் பொட்டலம் பிரிக்க நூறுக்கும் மேல ரோபாட் இறக்குச்சு. கிடங்கு ரோபாட் செய்ற இந்தியக் கம்பெனிகள் குருகிராம்லயும் நொய்டாவுலயும் இருக்கு. சாக்கடைக்கு? திருவனந்தபுரத்துல இளைஞர்கள் 2018 இல் பாண்டிகூட் ரோபாட்டை இறக்கிக் காட்டினாங்க. சென்னை ஐ.ஐ.டி.யில மலத்தொட்டிக்குன்னு ஹோமோசெப் செஞ்சாங்க. அறிவியல்ல குறை இல்ல. ஆபத்தான முறையில் குழியில் ஆளை இறக்கக்கூடாது என்று 2013 இல் சட்டமும் வந்தாச்சு. இன்னும் ஆளைத்தான் இறக்குறான், ஆள்தான் சாகுறான். பொட்டலம் ஒரு நிமிசம் தாமதமானா நட்டம்னு கணக்குப் போடத் தெரிஞ்ச சமூகத்துக்கு, குழியில போற உயிரோட நட்டக்கணக்கு போடத் தெரியல. ஏன்னா அந்த உயிரோட விலையைச் சாதி முன்னாடியே நிர்ணயம் பண்ணிடுச்சு. கூலி ஏறுற இடத்துலதான் முதலாளி இயந்திரத்தைத் தேடுவான். உடம்பு சாதியால மலிவாக் கிடைக்கிற இடத்துல அவனுக்கு ஏன் இயந்திரம்?

ஆளு மலிஞ்ச இடத்துல கிடங்கு எப்படி நடக்கும்னு பாக்கணும்னா அரியானாவில் மானேசர். 2024 இல் அங்க அமேசான் கிடங்குல, 24 அடி நீளமுள்ள ஆறு லாரிகள் சரக்கை இறக்கி முடிக்கிறவரைக்கும் தண்ணி குடிக்கவோ கழிவறைக்கோ போகமாட்டோம்னு தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வச்சாங்கன்னு செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானா முன்வந்து நோட்டீஸ் அனுப்பிச்சு. அதுக்கு ரோபாட் தேவைப்படல, ஒரு உறுதிமொழி போதும். மாசச் சம்பளம் பத்தாயிரத்துச் சொச்சம்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்ததுன்னும் சொல்லணும். மின்னசோட்டா மாநிலம் ஷாகோபீயில் 2018, 2019 இல் முதல்ல எழுந்தவங்க சோமாலியாவிலிருந்து வந்த கறுப்பின முஸ்லிம் தொழிலாளர்கள். தொழுகைக்குப் போற நிமிசமும் வேகக் கணக்குல அடிபடுதுங்கிறது அவங்க குறை. 'நாங்கள் மனிதர்கள், ரோபாட்கள் அல்ல'ன்னு பதாகை பிடிச்சாங்க. அலபாமாவில் பெஸ்ஸிமர் கிடங்குல பெரும்பாலானவங்க கறுப்பர்கள். 2021 இல் சங்கத்துக்கான வாக்கெடுப்பில் ஆதரவு 738, எதிர்ப்பு 1,798, தோத்தாங்க. அடுத்த வருசம் நியூயார்க் ஸ்டேட்டன் தீவுல, ரோபாட் ஓடுற கிடங்குல, 2,654 க்கு 2,131 ன்னு ஜெயிச்சாங்க. ஜெயிச்சும் நிறுவனம் பேச உக்காரல, வழக்குக்குப் போச்சு. 'ரோபாட்கள் அல்ல'ங்கிற அந்த முழக்கத்துல எனக்கு ஒரு சின்ன மாறுபாடு உண்டு. சாபெக்கோட நாடகத்துல கலகம் பண்ணினதே ரோபாட்டுங்கதான். வெட்டிவேலைக்காரன்ங்கிற பேரை எதுக்கு அவ்வளவு அவசரமா உதறணும்?

முழக்கத்தோட நிக்காம சட்டத்துக்கும் போனாங்க. கலிஃபோர்னியாவில் 2021 இல் நிறைவேறி 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், பெரிய கிடங்குகளுக்கானது. ஒரு மணிக்கு எத்தனைங்கிற இலக்கை வேலையில சேரும்போதே எழுத்துல கொடுக்கணும். அதை எட்டலைன்னா என்ன நடவடிக்கைன்னும் எழுதணும். சாப்பாடு, ஓய்வு, கழிவறை இதுக்கெல்லாம் இடம் விடாத இலக்கு செல்லாது. தன்னோட கடைசி 90 நாள் வேகக் கணக்கைத் தொழிலாளி கேட்டா கொடுத்தாகணும். 2024 இல் இதே சட்டத்துல ரெண்டு அமேசான் கிடங்குகளுக்கு 59 லட்சம் டாலர் அபராதம் போட்டாங்க. எழுத்துல இலக்கு கொடுக்கலைங்கிறதுதான் குற்றம். நிறுவனம் மறுத்தது.

இது நம்ம ஊர்ல நடக்காதுன்னு சொல்லாதீங்க. கடையில நாள்பூரா நிக்கிறவங்களுக்கு உக்கார நாற்காலி கொடுக்கணும்னு 2021 இல் தமிழ்நாட்டுல சட்டத்திருத்தம் வந்தது. நிக்கிற காலுக்குச் சட்டம் போட முடியும்னா திரும்புற தோளுக்கும் போட முடியும். குடோன்ல வேலைக்குச் சேரும்போது நம்ம பிள்ளைங்க மூணு விசயத்தைக் கேக்கணும். மணிக்கு எத்தனை, அதை யாரு நிர்ணயிச்சது, எழுத்துல உண்டா. காண்ட்ராக்டர் முறைப்பான். தனியா கேட்டா மறுநாள் ஆளை மாத்திடுவான், பத்துப்பேரா கேக்கணும். புது ரோபாட் வந்து இறங்கின அன்னைக்கே இந்தக் கேள்வியைக் கேக்கறது சுலபம். ஆறுமாசம் போயி வேகம் பழக்கமானப்புறம் கேட்டா 'இத்தனை நாளா செஞ்சியே'ம்பான்.

அந்தக் கலிஃபோர்னியா சட்டத்தோட முக்கியப் பிரிவுகளைத் தமிழ்ல சுருக்கி எழுதி ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்திருக்கேன். நாப்பது பிரதிதான், பின்னாடி மேசையில இருக்கு. குடோன்ல ஏற்கனவே வேலை பாக்கிற தோழர்கள் முதல்ல எடுத்துக்குங்க. அப்புறம் உங்க இடத்துல மணிக்கு எத்தனைன்னு ஒரு தாள்ல எழுதி என்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. பேர் போடவேண்டாம்.